அம்மாவின் சோப்பு ஏன் தரையில் இருந்தது: சத்துவாச்சாரி வீட்டில் ஒரு குளியலறை ஸ்டாண்டின் நிகழ்வு ஆய்வு

2024 மே மாதம். கத்திரி தொடங்கி ஒரு வாரம் ஆகியிருக்கும். விடியற்காலை நாலரை மணிக்குக் குளியலறையில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. பூனையாக இருக்கும் என்று திரும்பிப் படுத்துவிட்டேன். ஐந்தேகாலுக்கு அம்மா குளிக்கப் போனார். சுவரில் ஒட்டியிருந்த ஸ்டாண்டு கழன்று விழுந்து, ஷாம்பு பாட்டில் மூடி உடைந்து, தரை முழுக்கப் பரவியிருந்தது. அம்மா உள்ளே வைத்த முதல் அடியே அதன் மேல்தான். விழும்போது குழாயைப் பிடித்ததால் தலை தப்பியது. வலது மணிக்கட்டு வீங்கிப் போனது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் எலும்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் மூன்று வாரம் அவரால் தலை பின்ன முடியவில்லை.

அந்த ஸ்டாண்டு, பதினான்கு மாதத்தில் நாங்கள் வாங்கிய மூன்றாவது. சோப்பு வைக்கிற சாமான்தானே என்று ஒவ்வொரு முறையும் பத்து நிமிடத்தில் தேர்ந்தெடுத்தோம். நான்காவதை வாங்குவதற்கு முன் மூன்று வாரம் எடுத்துக்கொண்டோம். முதல் மூன்றும் ஏன் நிற்கவில்லை, யாருக்காக வாங்கினோம், எங்கள் தண்ணீர் என்ன செய்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். வயதானவர்கள் குளிக்கிற வீடு எதுவானாலும் இது உதவும் என்று நம்புகிறேன்.

இடமும் தண்ணீரும்

எங்கள் வீடு வேலூர் சத்துவாச்சாரியில். குளியலறை ஏழடிக்கு ஐந்தடி. சுவரில் ஏழடி உயரம் வரை வழுவழுப்பான டைல்ஸ், தரையில் சொரசொரப்பானது. காற்று வர ஒரு கண்ணாடிப் பட்டை ஜன்னல் மட்டும். எக்ஸாஸ்ட் விசிறி இல்லை. மேலே லாஃப்ட். மேற்குப் பார்த்த சுவர் என்பதால் கோடையில் மாலை ஆறு மணிக்குத் தொட்டாலும் டைல்ஸ் சுடும். வேலூர் வெயிலைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிலும் பாறைக் குன்றுகள். பகலில் வாங்கிய சூட்டை இரவெல்லாம் விட்டுக்கொண்டே இருக்கும்.

மாநகராட்சிக் குழாயில் வருகிற காவிரித் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைக்கிறோம். குளிக்க, துவைக்க எல்லாம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். உப்புத் தண்ணீர் என்று பொதுவாகச் சொல்லிவிடுவோம். எவ்வளவு உப்பு என்று பார்த்ததில்லை. இந்த முறை குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதித்தோம். லிட்டருக்குக் கடினத்தன்மை 720 மில்லிகிராம், குளோரைடு 390, கரைந்துள்ள மொத்த உப்புகள் 1,460. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) கடினத்தன்மைக்கு 200-ஐ ஏற்கத்தக்க அளவு என்றும், வேறு வழியில்லாதபோது 600 வரை போகலாம் என்றும் சொல்கிறது. குளோரைடுக்கு அது 250, 1,000. அது குடிக்கிற தண்ணீருக்கான கணக்கு, குளிப்பதற்கு அல்ல. ஆனாலும் சுவரிலும் கம்பியிலும் எவ்வளவு படியும் என்று ஒரு மதிப்பு கிடைத்தது.

கடினத்தன்மை என்பது பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும். சோப்பு போட்டால் அவை சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைப் பிசுக்காக மாறும். நுரை வருவதற்கு முன்பே பாதி சோப்பு அதற்குச் செலவாகிவிடும். அந்தப் பிசுக்கு சோப்பு வைக்கிற இடத்தைச் சுற்றிப் படியும். மேலே தெறித்த தண்ணீர் காய்ந்து அதன் மேல் உப்பு ஏறும். இரண்டும் கலந்த படிவு நகத்தால் சுரண்டினாலும் வராது. குளோரைடு செய்வது வேறு வேலை. ஒரு சொட்டு தண்ணீர் கம்பியில் தங்கிக் காயும்போது தண்ணீர் போய்விடும், குளோரைடு போகாது. அடுத்த நாள் இன்னொரு சொட்டு, அதற்கடுத்த நாள் இன்னொன்று. இப்படி அந்த ஒரே புள்ளியில் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஸ்டீல் ஓட்டையாவது அங்கேதான்.

அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது ஆற்காட்டில் பாலாற்று மணலைத் தோண்டி ஊற்றுத் தண்ணீர் எடுத்து வருவார்களாம். ஒரு துண்டு சோப்பு ஒரு மாதம் வந்ததாகச் சொல்வார். சீயக்காயும் பயத்தமாவும் கடினத் தண்ணீரிலும் வேலை செய்வதற்குக் காரணம் உண்டு. சீயக்காயின் நுரை சோப்பு நுரை போலச் சுண்ணாம்போடு சேர்ந்து திரிவதில்லை. ஆக எங்கள் வீட்டு ஸ்டாண்டில் சோப்பு, ஷாம்பு மட்டுமல்ல, சீயக்காய் டப்பாவும் நல்லெண்ணெய்க் கிண்ணமும் மஞ்சள் கிழங்கும் பீர்க்கங்காய் நாரும் நிற்க வேண்டும்.

மூன்று ஸ்டாண்டுகள்

முதலாவது, 2023 மார்ச்சில் வாங்கியது. வேக்கம் கப் வைத்த பிளாஸ்டிக் ஸ்டாண்டு. துளை போட வேண்டாம், டைல்ஸ் கெடாது என்று ஆசைப்பட்டேன். கப்பை அழுத்தினால் உள்ளே இருக்கும் காற்று வெளியேறும். வெளிக்காற்று அதைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கும். காற்றின் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. எங்கள் கப் 6 செ.மீ. அகலம், பரப்பு 28 சதுர செ.மீ. கணக்குப்படி ஒவ்வொரு கப்பும் 28 கிலோ தாங்க வேண்டும். ஆனால் அது கப்பை நேராக வெளியே இழுப்பதற்கான கணக்கு. ஸ்டாண்டின் பளு கீழ்நோக்கி இழுக்கிறது. அதைத் தடுப்பது உராய்வு மட்டும்தான். நனைந்த டைல்ஸில் உராய்வு எங்கே இருக்கிறது? போதாததற்கு விளிம்பில் உப்புப் பொடி படிந்து காற்று மெல்ல உள்ளே போகும். சூட்டில் ரப்பர் மாதிரியான பிளாஸ்டிக்கும் பிடிமானத்தை இழந்துவிடும். ஏப்ரல் நடுவில் நான்கில் இரண்டு கப் விட்டுவிட்டது. தினமும் அழுத்தி வைப்பது என் வேலையாகிப் போனது. அப்புறம் எடுத்துப் போட்டுவிட்டோம்.

இரண்டாவது, ஷவர் குழாயில் மாட்டித் தொங்கவிடுகிற பளபளப்பான கம்பி ஸ்டாண்டு. இது எட்டு மாதம் இருந்தது. இதை ஸ்டீல் என்றுதான் நினைத்தேன். உண்மையில் இரும்புக் கம்பியின் மேல் குரோமிய முலாம். முலாம் நன்றாக இருக்கும் வரை ஒன்றும் ஆகாது. கம்பியும் கம்பியும் சேர்கிற பற்றவைப்பில் முலாம் மெலிந்திருக்கும்; தண்ணீர் தங்குவதும் அந்தச் சந்தில்தான். மூன்றாம் மாதமே மூலைகளில் பழுப்புப் புள்ளி வந்தது. தீபாவளிக்கு முன் துருத் தண்ணீர் டைல்ஸில் கோடு கோடாக இறங்கியது. அதோடு இன்னொரு தொல்லை. ஷவர் குழாய் தண்ணீர் கொண்டுவரச் செய்தது, பளு தாங்கச் செய்தது இல்லை. பாட்டிலை எடுக்கும்போதெல்லாம் ஸ்டாண்டு ஆடி, சுவருக்குள் இருக்கும் மரையும் சேர்ந்து ஆடி, கடைசியில் அங்கே கசிவு வந்தது. பிளம்பர் வந்து குழாயைக் கழற்றி டேப் சுற்றி மாட்டிக் கொடுத்தார்.

மூன்றாவதுதான் அம்மாவைத் தள்ளிவிட்டது. கறுப்பு வண்ணம் பூசிய அலுமினியத் தட்டு, பின்னால் ஸ்டிக்கர். 8 கிலோ தாங்கும் என்று பெட்டியில் அச்சடித்திருந்தார்கள். நான் ஒழுங்காகத்தான் ஒட்டினேன். டைல்ஸைச் சோப்புப் போட்டுத் துடைத்தேன், காயவிட்டேன், ஒரு நாள் கழித்துத்தான் சாமான் வைத்தேன். விழுந்த பிறகு ஸ்டிக்கரைத் திருப்பிப் பார்த்தேன். பசை அப்படியே இருந்தது. பசையின் மேல் மெல்லிய வெள்ளைத் தோல் ஒன்று டைல்ஸிலிருந்து உரிந்து வந்திருந்தது. உப்பு. நான் சுவரில் ஒட்டவில்லை, ஒரு வருடமாகச் சுவரில் ஏறியிருந்த உப்புத் தோலில் ஒட்டியிருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத அந்தப் படிவு சோப்புக்குப் போகாது. வினிகரில் ஊறவைத்துக் கழுவி, காய்ந்ததும் ஸ்பிரிட்டால் துடைத்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் நின்றிருக்கலாம். மேற்குச் சுவரின் சூட்டில் பசை இளகியதும் சேர்ந்துகொண்டது. பிளம்பர் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, உப்புத் தண்ணியில ஒட்டுற சாமான் எத்தினி நாளுக்கு நிக்கும்?" என்று கேட்டார்.

அம்மா முக்காலியில் உட்கார்ந்தபோது

இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுகிற பகுதிக்கு வருகிறேன். மூன்றும் ஏன் கெட்டன என்பது தெரிந்துவிட்டது. நல்ல ஸ்டீலில் ஒன்று வாங்கி அதே இடத்தில் துளை போட்டு மாட்டிவிடலாம் என்றுதான் கணவர் சொன்னார். நானும் சரி என்றேன். தரையைக் கழுவிக்கொண்டிருந்தபோது, பக்கெட் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், தரை டைல்ஸில் ஒரு வெள்ளை வட்டத்தைப் பார்த்தேன். ஒரு சோப்பு அளவு. எத்தனை நாளாக அங்கே சோப்பு இருந்திருந்தால் அப்படிப் படிந்திருக்கும்!

அம்மாவிடம் கேட்டேன். "அவ்ளோ ஒசரத்துல வச்சா நான் ஒவ்வொரு வாட்டியும் எழுந்திருக்கணுமே கண்ணு. அதான் கீழயே வச்சிக்கினேன்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, கேட்டதால் சொன்னார்.

அம்மாவுக்கு 68 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து பக்கெட்டும் சொம்புமாகக் குளிக்கிறார். நாங்கள் மாட்டிய மூன்று ஸ்டாண்டும் ஷவருக்குப் பக்கத்தில், ஐந்தடி உயரத்தில். அந்த உயரம் எனக்கும் கணவருக்கும் வசதி. பன்னிரண்டு வயதுப் பையனுக்கே எட்டி எடுக்க வேண்டியிருந்தது. வீட்டில் தினமும் முதலில் குளிப்பவரும், அந்த அறையில் அதிக நேரம் இருப்பவரும் அம்மாதான். பதினான்கு மாதமாக மூன்று ஸ்டாண்டு மாறியும் ஒன்றில்கூட அவர் சோப்பு வைத்ததில்லை. ஈரத் தரையில் சோப்பு கரைந்து வழவழப்பாகி, அதன் பக்கத்தில்தான் அவர் கால் ஊன்றி எழுந்திருக்கிறார். ஷாம்பு கொட்டாமல் இருந்திருந்தாலும் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் விழுந்திருப்பார் என்று நினைக்கும்போது இப்போதும் வயிறு கலங்குகிறது.

அன்று மத்தியானம், தரை காய்ந்த பிறகு, அம்மாவைச் சேலையோடே முக்காலியில் உட்காரச் சொன்னோம். பக்கெட்டை வழக்கமான இடத்தில் வைத்தோம். தோளை உயர்த்தாமல், உடம்பைத் திருப்பாமல் கை எங்கே போகிறது என்று பையன் சாக்பீஸால் சுவரில் குறித்தான். தரையிலிருந்து 26 அங்குலம் முதல் 40 அங்குலம் வரை. முன்பக்கம், வலது சுவர். 40-க்கு மேல் போனால் இடது கையை முழங்காலில் ஊன்றி எழ முயல்கிறார். 26-க்குக் கீழே போனால் குனிகிறார். ஆயா கை எட்டுகிற இடம் என்று பையன் அங்கே ஒரு பெட்டி வரைந்துவிட்டான். பிறகு நாங்கள் மூவரும் நின்று எங்களுக்கான இடத்தைக் குறித்தோம். நாலடிக்கும் நாலரை அடிக்கும் நடுவில் எல்லோருக்கும் ஒத்துவந்தது.

ஒரு பெரிய ஸ்டாண்டு வேண்டாம், இரண்டு சின்ன ஸ்டாண்டு வேண்டும் என்பது அந்தச் சாக்பீஸ் கோட்டிலேயே முடிவாகிவிட்டது. பொருள், விலை, டிசைன் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சாமான்களையும் எடுத்து வெளித் திண்ணையில் செய்தித்தாளில் பரப்பினோம். 23 இருந்தன. சமையலறைத் தராசில் 6 கிலோ 300 கிராம். தினமும் தொடுவது ஒன்பதுதான். அவை 2 கிலோ 400. மீதியில் காலி பாட்டில்கள், யாரோ லாட்ஜிலிருந்து கொண்டுவந்த குட்டி சோப்புகள், 2022-ல் தேதி முடிந்த ஒரு க்ரீம். ஸ்டாண்டு தேடுகிறவர்கள் முதலில் இதைச் செய்துவிட்டால் பாதிப் பேருக்குப் பெரிய ஸ்டாண்டே தேவைப்படாது. ஒரு லிட்டர் ஷாம்பு பாட்டில் குளியலறைக்குள் வர வேண்டியதில்லை. 200 மில்லி பாட்டிலில் ஊற்றிவைத்தால் போதும். பளு குறையும், விழுந்தாலும் கொட்டுவது குறையும்.

என்ன வாங்குவது

லாங் பஜார் பக்கம் ஒரு பாத்திரக் கடையிலும் இரண்டு சானிட்டரி கடைகளிலும் பார்த்தோம். எல்லாக் கடையிலும் ஸ்டாண்டின் மேல் காந்தத்தை வைத்துக் காட்டினார்கள். ஒட்டவில்லை, அதனால் நல்ல ஸ்டீல் என்று. காந்தம் ஒட்டினால் அது நமக்கு வேண்டிய ஸ்டீல் இல்லை என்பது பெரும்பாலும் சரிதான். ஒட்டாவிட்டால் நல்லது என்று சொல்ல முடியாது. 304 என்கிற ரகத்தில் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 202 என்கிற ரகத்தில் நிக்கலைக் குறைத்து, விலை குறைவான மாங்கனீஸைச் சேர்த்திருப்பார்கள். இரண்டிலும் காந்தம் ஒட்டாது. பார்வைக்கும் இரண்டும் ஒன்றே. உப்புத் தண்ணீரில் 202 சீக்கிரம் பழுப்பேறும். 316 என்று இன்னொன்று உண்டு, மாலிப்டினம் சேர்த்தது, கடலோரத்துக்கு ஏற்றது; நாங்கள் போன கடைகளில் அந்த ரகத்தில் ஸ்டாண்டு இல்லை.

காட்பாடியில் என் சித்தப்பா மகன் ஸ்டீல் கேட் செய்கிற பட்டறையில் வேலை செய்கிறான். அவர்களிடம் ஒரு சோதனை மருந்து இருக்கிறது. ஸ்டீலில் ஒரு சொட்டு விட்டு, சின்ன பேட்டரியின் முனையை வைத்தால் மாங்கனீஸ் அதிகம் உள்ள ரகத்தில் சொட்டு சிவந்துவிடும். கடைக்காரரிடம் சொல்லியே இரண்டு ஸ்டாண்டை எடுத்துப்போனோம். 304 என்று சொல்லி விற்ற ஒன்று சில வினாடிகளில் சிவந்தது. இன்னொன்று நிறம் மாறவில்லை. சிவந்ததைக் கடைக்காரர் மறுபேச்சில்லாமல் திருப்பி எடுத்துக்கொண்டார். அவருக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். ஊரில் கிரில் பட்டறை தெரிந்தவர்கள் இந்தச் சோதனையைக் கேட்டுப் பாருங்கள்.

ரகம் சரியாக இருந்தாலும் போதாது; செய்த விதத்தையும் பார்க்க வேண்டும். பற்றவைத்த இடத்தில் நீலமும் பழுப்புமாக நிறம் படிந்திருந்தால், அங்கே சூட்டில் குரோமியம் குறைந்திருக்கிறது, துரு முதலில் அங்கேதான் வரும். அதைத் தேய்த்துப் பாலிஷ் போட்டிருக்க வேண்டும். குழல் போன்ற கம்பியாக இருந்து முனை திறந்திருந்தால் தண்ணீர் உள்ளே போய் உட்கார்ந்துவிடும். அடித்தட்டு தகடாக இருந்தால், துளை போட்டிருந்தாலும், தண்ணீர் துளையைச் சுற்றி வளையமாக நின்றுவிடும். வெறும் கம்பியாக இருந்தால் சோப்பு கோட்டில் மட்டும் படும், மீதித் தண்ணீர் சொட்டிவிடும். குளித்து முடித்து அரை மணி நேரம் கழித்து இதில் எங்கெல்லாம் தண்ணீர் தங்கியிருக்கும் என்று கையில் வைத்துக்கொண்டு யோசித்தால், எந்த ஸ்டாண்டு எங்கே கெடும் என்று கடையிலேயே ஓரளவு சொல்லிவிடலாம்.

தண்ணீர் தங்காமல் வழிந்தோட வைக்கிற சரிவைக் கொத்தனார்கள் வாட்டம் என்கிறார்கள். தரைக்கு வாட்டம், மொட்டைமாடிக்கு வாட்டம். ஆற்காட்டில் பாட்டி வீட்டுக் குளியலறைச் சுவரில் ஒரு மாடம் இருந்தது, மஞ்சளும் சீயக்காயும் வைக்க. அதன் அடிப்பக்கத்தைக் கொத்தனார் முன்னால் சரிவாகப் பூசியிருந்தார். தண்ணீர் தெறித்தால் தானே வெளியே வழிந்துவிடும். உட்கார்ந்து குளிக்கிற உயரத்தில்தான் அந்த மாடமும் இருந்தது. புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது அதுதான். டைல்ஸ் ஒட்டும்போதே ஒரு மாடமோ, மூலையில் ஒரு கிரானைட் துண்டோ வாட்டத்தோடு வைக்கச் சொல்லுங்கள். துருப்பிடிக்காது, கழன்று விழாது. எங்களுக்கு டைல்ஸை உடைக்க வேண்டியிருந்ததால் முடியவில்லை.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குப் பிளாஸ்டிக் ஸ்டாண்டைத் தயங்காமல் சொல்வேன். பாலிபுரொப்பிலீன் உப்புத் தண்ணீருக்கு அசையாது. வெயில் நேராகப் படாத அறையில் வருடக்கணக்கில் வரும். தரையில் நிற்கிற, கால் வைத்த அடுக்கு ஸ்டாண்டாக வாங்கினால் துளையும் வேண்டாம், பசையும் வேண்டாம். எங்கள் அறையில் அதற்கு இடமில்லை. அம்மா கால் இடிக்கும். கண்ணாடித் தட்டில் தண்ணீர் அப்படியே நிற்கும், அதனால் வேண்டாம் என்றோம். தரைக்கும் மேல்தளத்துக்கும் நடுவே கம்பம் நிறுத்துகிற வகையை, தரை வாட்டமாகவும் மேலே லாஃப்டாகவும் இருக்கிற அறையில் நம்ப முடியவில்லை. அலுமினியம் சிவப்பாகத் துருப்பிடிக்காதுதான், ஆனால் வண்ணம் உரிந்த இடத்தைச் சோப்பின் காரமும் அரிக்கும், ஆசிட்டும் அரிக்கும்.

வாங்கியது இரண்டு 304 கம்பி ஸ்டாண்டு, ஒவ்வொன்றும் 12 அங்குல நீளம், 5 அங்குல ஆழம், முன்பக்கத் தடுப்பு இரண்டரை அங்குலம், முனைகள் உருண்டவை. ஆழம் அதிகமானால் உட்கார்ந்து எழும்போது அம்மாவின் தோள் இடிக்கும். இரண்டும் சேர்த்து 1,700 ரூபாய். முதல் மூன்றுக்கும் செலவழித்தது 1,450.

சுவரில் துளை

பிளம்பர் வந்ததும் முதலில் கேட்டது, சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று. நாங்கள் குழாய் இல்லாத சுவர் என்பதால்தான் வலது சுவரைச் சொல்லியிருந்தோம். அந்தப் பக்கம் சமையலறை சிங்க்! சிங்குக்குப் போகிற குழாய் அதே சுவரில் ஏறுகிறது. சமையலறையில் குழாய் இருக்கும் இடத்தை அளந்து, இந்தப் பக்கம் குறித்து, அதிலிருந்து ஒரு அடி தள்ளித் துளை போட்டார். ஷவர், கீசர், குழாய் இவற்றின் நேர் மேலேயும் நேர் கீழேயும் எப்போதும் துளை போடக் கூடாது என்பது அவர் கணக்கு. பைப் பெரும்பாலும் நேராகத்தான் ஏறும். கீசருக்குப் போகும் கரண்ட் ஒயரும் அப்படித்தான்.

டைல்ஸ் விளிம்பிலிருந்து ஓர் அங்குலத்துக்கு மேல் உள்ளே தள்ளிக் குறித்தார். விளிம்பில் போட்டால் தெறித்துவிடும். குறித்த இடத்தில் டேப் ஒட்டினார், டிரில் பிட் வழுக்காமல் இருக்க. டைல்ஸைத் தாண்டும் வரை, தட்டித் துளைக்கிற ஹாமரைப் போடாமல் மெதுவாகச் சுற்றவிட்டு, செங்கல்லில் இறங்கிய பிறகுதான் ஹாமர். 6 மி.மீ. துளை. ஸ்குரூவைப் பிடித்துக்கொள்கிற பிளக்கை வைக்கும் முன் துளைக்குள் சிலிக்கான் பிழிந்தார், தண்ணீர் சுவருக்குள் இறங்காமல் இருப்பதற்காக.

ஸ்டாண்டோடு கொடுத்த ஸ்குரூவில் காந்தம் வைத்துப் பார்த்தேன். சட்டென்று ஒட்டியது. 304 ஸ்டாண்டுக்கு முலாம் பூசிய இரும்பு ஸ்குரூ! அதைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு ஸ்டீல் ஸ்குரூ வாங்கிவந்தோம். அவசரத்தில் ஒன்று குறைந்துவிட்டது. மேல் ஸ்டாண்டின் இடது பக்கத்தில் மட்டும் பழைய ஸ்குரூவைப் போட்டார்.

கீழ் ஸ்டாண்டு தரையிலிருந்து 32 அங்குலத்தில், மேல் ஸ்டாண்டு 52-ல். அன்றே இன்னொன்றும் செய்தோம். வழுக்கினால் கை எதைப் பிடிக்கும்? பக்கத்தில் இருப்பதை. ஸ்டாண்டு மனிதர் பளுவைத் தாங்காது. அதனால் அம்மா எழுகிற பக்கம், 34 அங்குல உயரத்தில், தடிமனான ஸ்டீல் கைப்பிடி ஒன்றை நீளமான ஆங்கர் போல்ட்டில் மாட்டினோம். பிளம்பர் தன் முழு உடம்பையும் கொடுத்துத் தொங்கிக் காட்டிவிட்டுத்தான் அம்மாவைப் பிடிக்கவிட்டார். வயதானவர்கள் இருக்கிற வீட்டில் ஸ்டாண்டுக்கு முன்பாகவே வாங்க வேண்டியது இது. எனக்கு இது அவர் விழுந்த பிறகுதான் தோன்றியது என்பது வருத்தம்தான்.

பதினோரு மாதம் கழித்து

2024 ஜூனில் மாட்டியது. இதை எழுதும்போது 2025 மே, அடுத்த கத்திரி. இரண்டு ஸ்டாண்டும் அசையவில்லை. கீழ் ஸ்டாண்டில் ஒரு பற்றவைப்பில் டீக்கறை போல ஒரு புள்ளி வந்தது; வினிகரில் துடைத்ததும் போய்விட்டது. எதிர்பார்த்தபடியே அந்த ஒரு இரும்பு ஸ்குரூ பொங்கலுக்குள் துருப்பிடித்துவிட்டது, மாற்றினோம்.

வாரம் ஒருமுறை வினிகரையும் தண்ணீரையும் சமமாகக் கலந்து துணியில் நனைத்துக் கம்பியில் சுற்றி, பத்து நிமிடம் விட்டு, நல்ல தண்ணீரில் கழுவுகிறோம். டைல்ஸ் கழுவுகிற ஆசிட்டை அந்த அறையில் நிறுத்திவிட்டோம். அது உப்பைக் கரைக்கிற வேகத்திலேயே ஸ்டீலைக் காக்கிற மேல்படலத்தையும் கரைத்துவிடும். ஊற்றவே வேண்டாம், புகை பட்டாலே போதும். பிளீச்சிங் பவுடரும் ஸ்டீலுக்கு ஆகாது. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றாகச் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து. ஸ்டாண்டு இருக்கிறதோ இல்லையோ, இதை மட்டும் யாரும் செய்துவிடாதீர்கள்.

சரியாக வராததும் உண்டு. மேல் ஸ்டாண்டை ஷவருக்கு இன்னும் அரை அடி தள்ளி மாட்டியிருக்கலாம். தண்ணீர் நேராகப் பட்டு, பாட்டில் அடியில் உப்பு வளையம் விழுகிறது. சீயக்காய் டப்பா எந்த மூடி போட்டாலும் ஸ்டாண்டில் கட்டிதட்டிப் போனது. இப்போது வெளியே ஜன்னல் திண்டில் இருக்கிறது, குளிக்கப் போகும்போது ஒரு கிண்ணத்தில் அன்றைக்கு வேண்டியதை அம்மா எடுத்துப்போகிறார். பையன் ஈரத் துண்டை மேல் ஸ்டாண்டில் போடுவதை இன்னும் நிறுத்தவில்லை. துண்டு மூடினால் கம்பி காயாது, எத்தனை முறை சொன்னாலும் சரி.

சோப்பு முன்பு மூன்று வாரத்தில் கரைந்துபோகும், இப்போது ஐந்து வாரம் வருகிறது. அம்மா கீழ் ஸ்டாண்டில் சோப்பு, பீர்க்கங்காய் நார், மஞ்சள் கிழங்கு மூன்றையும் ஒரே வரிசையில் வைக்கிறார்; யாராவது இடம் மாற்றினால் கேட்கிறார். பக்கெட் பக்கத்தில் தரையில் இருந்த அந்த வெள்ளை வட்டம், நான்கைந்து முறை வினிகர் போட்டுத் தேய்த்தும், வெளிச்சம் சாய்வாக விழும்போது இன்னும் லேசாகத் தெரிகிறது.